ஒரு டி-ஷர்ட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆடை வடிவமைப்பு, ஃபேஷன் டெக்னாலஜி துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவைக் கவனித்துக்கொள்பவள் நான். வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வந்ததும், நூல் வாங்குவதில் தொடங்கி கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை எல்லாரையும் துரத்திக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் உங்கள் மாணவர்கள் சிலர் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கல்லூரியையும் தனியாகக் குறை சொல்ல விருப்பமில்லை. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரே மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஃபேஷன் தொழிலை அறிமுகப்படுத்த முதல் பருவத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். அதைப் பாரிஸில் தொடங்கி ராம்ப்பில் முடிக்காதீர்கள். ஒரு சாதாரண டி-ஷர்ட்டை மேசைமேல் போட்டு, அது பஞ்சாக இருந்ததிலிருந்து கடையில் ஹேங்கரில் தொங்குவது வரை பின்தொடர்ந்து போங்கள். மற்றதெல்லாம் அந்த வழியிலேயே வந்து சேரும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. கை நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்து கலர் போட்டுக் காட்டினால் பையரே அசந்துபோவார். ஆனால் ஒரு துணியைக் கையில் கொடுத்து, "இது என்ன ஜிஎஸ்எம் இருக்கும்?", அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். முப்பதாம் நம்பர் நூல், நாற்பதாம் நம்பர் நூல், இரண்டில் எது தடிமன் என்றால், நாற்பது என்று பட்டென்று பதில் வருகிறது. ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளம் எத்தனை தடவை வருகிறதோ அதுதான் அந்த நம்பர். நூல் மெலிய மெலிய நீளம் கூடும், நம்பரும் ஏறும். இதைச் சொல்லிக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். மூன்று வருடத்தில் அந்த அஞ்சு நிமிஷம் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஃபேஷன் தொழிலை நாலாகப் பிரித்திருப்பார்கள்: நார், நூல், துணி, தோல் ஆகிய மூலப்பொருட்கள், அவற்றை ஆடையாக்கும் டிசைனர்களும் உற்பத்தியாளர்களும், விற்கிற கடைகள், இந்த மூன்றுக்கும் துணையாக நிற்கும் விளம்பரம், பத்திரிகை, டிரெண்ட் கணிப்பு போன்றவை. படம் சரியான படம்தான். ஆனால் அது இரண்டு மார்க் கேள்விக்குரிய படமாகவே நின்றுவிட்டது. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள். இந்த நாலும் ஒன்றோடொன்று எங்கே மோதுகிறது, யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள், தாமதமானால் யார் தலையில் விடிகிறது என்று யாரும் சொல்வதில்லை.

பாரிஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன். 1858இல் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் பாரிஸில் தையல் நிலையம் திறந்தார். அவரைத்தான் உயர்தரத் தையற்கலையின் தந்தை என்று படிக்கிறோம். அவர் ஆங்கிலேயர், பாரிஸுக்கு வருமுன் லண்டனில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். துணி தெரிந்தவர் என்பதுதான் அவர் கதையின் ஆரம்பம். 1947 பிப்ரவரியில் பாரிஸ் டிசைனர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய 'நியூ லுக்' எல்லா மாணவருக்கும் தெரியும். இறுக்கிய இடுப்பு, கணுக்கால் பக்கம் வரை விரியும் பாவாடை. போர்க்காலக் கட்டுப்பாட்டில் துணியை அளந்து அளந்து உடுத்திய ஐரோப்பாவில், ஒரே உடைக்கு அத்தனை கஜம் துணியா என்று பலர் கொதித்தார்கள். சரி, டியோருக்கு முதல் போட்டது யார்? மார்செல் பூசாக். பிரான்சின் பெரிய பருத்தி ஆலை முதலாளி. பாவாடை விரிந்தால் யாருக்கு லாபம் என்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மூலப்பொருளும் வடிவமைப்பும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் பூசாக்கின் பெயர் தெரிந்த ஒரு பயிற்சி மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது நம் டி-ஷர்ட்டுக்கு வருவோம்.

நூல் மில்லிலிருந்து கோன் கோனாக வரும் நூல் நிட்டிங் போகிறது. வட்ட மிஷினில் ஊசிகள் ஏறி இறங்க, துணி குழாய் மாதிரி கீழே இறங்கும். சிங்கிள் ஜெர்சியா, ரிப்பா, இன்டர்லாக்கா, பிக்கேயா, எந்தப் பின்னல் வகை என்பது இங்கே முடிவாகிறது. போலோ டி-ஷர்ட் ஏன் விறைப்பாக நிற்கிறது, உள்பனியன் ஏன் இழுத்தால் நீள்கிறது என்பதற்கெல்லாம் விடை இந்த மிஷினில்தான் இருக்கிறது, ஸ்கெட்ச் நோட்டில் இல்லை. நிட்டிங்கில் ஒரு ஊசி உடைந்தால் துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு ஓடும். அதைச் சாயம் ஏறிய பிறகு கண்டுபிடித்தால் நூலுக்கும் சாயத்துக்கும் போட்ட காசு இரண்டும் போச்சு.

அப்புறம் சாயப்பட்டறை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ள உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி, அடர் சிவப்பு என்று போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சில லாட்டுக்குத் துணியின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட உப்பே போகிறது. அந்த உப்பு துணியில் தங்காது, முழுசும் கழிவுநீரில்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலுக்கு அப்படித்தான் உப்பு போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று போராடினார்கள். அணையில் தண்ணீர் இருந்தும் வேண்டாம் என்று விவசாயி சொன்ன ஊர் இது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. ஆர்டர்கள் வெளியூர் போயின, துணியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சாயம் போட அலைந்தார்கள். இன்று கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். அதற்கு ஆகும் கரண்ட், விறகு, பராமரிப்பு எல்லாம் ஒரு கிலோ சாயக்கூலியில் ஏறி, கடைசியில் டி-ஷர்ட்டின் விலையில் வந்து உட்காருகிறது.

ஒரு மாணவி தன் கலெக்‌ஷனுக்குக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. கறுப்பை எடுக்காதே என்று சொல்ல வரவில்லை. தெரிந்து எடுக்கட்டும். "சஸ்டெய்னபிள் ஃபேஷன்" என்று ஐந்தாம் பருவத்தில் தனித் தாள் வைத்து வெளிநாட்டு உதாரணங்களை நடத்துகிறீர்களே, அந்தத் தாளுக்கான மொத்தப் பாடமும் கோவையிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் கிடக்கிறது.

சாயம் முடிந்ததும் துணியைக் காம்பாக்டிங் செய்வோம், அதாவது மிஷினில் அழுத்தி முன்கூட்டியே சுருக்கிவைப்போம். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே டி-ஷர்ட் சுருங்கிப்போகும். இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஆனால் ஷிப்மென்ட் ரிஜெக்ட் ஆன கதைகளைக் கேட்டால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. பையர் பேன்டோன் என்ற நிற அட்டையிலிருந்து ஒரு நம்பரைச் சொல்வார். பட்டறை அதற்கு மூன்று நாலு சின்னத் துண்டில் சாயம் போட்டு, ஏ, பி, சி என்று ஒட்டி அனுப்பும். இதுதான் லேப் டிப். அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் போதாது. லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது, உள்ளே சாம்பல் பெயின்ட் அடித்து மேலே நாலைந்து வகை விளக்கு. டி65 விளக்கு பகல் வெளிச்சத்துக்குச் சமம், டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் எரியும் ட்யூப் லைட்டுக்குச் சமம். போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் ஆலிவ் பச்சைத் துண்டு இரண்டைக் கொடுத்து முதல் விளக்கில் பார்க்கச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றாள். இரண்டாவது சுவிட்சைத் தட்டியதும் ஒரு துண்டு பழுப்படித்துப்போனது, மற்றது அப்படியே பச்சையாக நின்றது. அவள் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தாள். டீ வந்து ஆறிப்போனது. கலர் வீலை இரண்டு பருவம் படித்த பெண் அவள். ஒரு லைட் பாக்ஸ் பெரிய விலையும் இல்லை. துறைக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

நான் மிக அதிகமாக வருத்தப்படுவது கணக்கைப் பற்றித்தான். ஃபேஷன் படிப்பு என்றால் கணக்கு வேண்டாம் என்று நம்பிச் சேர்கிற பிள்ளைகள் நிறைய. யார் சொல்லி அனுப்புகிறார்களோ தெரியவில்லை. எங்கள் வேலையில் பாதி கணக்குதான், அதுவும் எட்டாம் வகுப்புக் கணக்கு.

பாருங்கள்: ஒரு ஆண்கள் டி-ஷர்ட், உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10. கூட்டினால் 104. மார்பகலம் 52, தையலுக்கு 4, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் இருப்பதால் இரண்டால் பெருக்குங்கள். துணி 180 ஜிஎஸ்எம் என்பதால் 180ஆல் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் 210 கிராம் வரும். வெட்டும்போது போகிற வேஸ்டுக்கு பத்து சதவீதம் சேர்த்தால் பீஸுக்கு 230 கிராம். கழுத்து ரிப் தனிக்கணக்கு. பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் 2,300 கிலோ துணி. சாயத்தில் கொஞ்சம் எடை குறையும், அதையும் கணக்கில் வைத்து நூல் வாங்க வேண்டும்.

இப்போது டிசைனர் வந்து, "இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இறக்கினா துணி விழுற ஃபால் நல்லா இருக்கும்" என்கிறார். இருக்கும்தான், நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டர் பத்தாயிரம் பீஸுக்கு 44 கிலோ துணி. நூல் வாங்கி முடித்த பிறகு இந்த யோசனை வந்தால், அந்த 44 கிலோவுக்கு அதே லாட் நூல் கிடைக்காது, அதே ஷேடும் வராது. டிசைனர் கெட்டவர் இல்லை. பென்சிலால் இழுத்த கோடு எத்தனை கிலோ என்று அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாணவர்கள் வரைகிற ஒவ்வொரு உடைக்கும் பக்கத்திலேயே துணிக்கணக்கும் அடக்கவிலையும் எழுதினால்தான் மார்க் என்று ஒரு விதி போட்டுப் பாருங்கள். இரண்டே பருவத்தில் வித்தியாசம் தெரியும்.

தையல் பிரிவைப் பற்றி நீட்டப்போவதில்லை, பெரும்பாலான கல்லூரிகளில் நன்றாகவே கற்றுத்தருகிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் லேப்பில் ஒரு மாணவி ஒரு சட்டையை முழுசாகத் தைத்து முடிக்கிறாள். எங்கள் லைனில் ஒருவர் முழு டி-ஷர்ட்டைத் தைப்பதே கிடையாது. ஒருவர் தோள் மட்டும், ஒருவர் கழுத்து ரிப், ஒருவர் கை ஏற்றுவது, பக்கத் தையல் ஓவர்லாக் மிஷினில், கையும் கீழும் மடிப்பது பேட்லாக் மிஷினில். மொத்தத் தையல் வேலையே ஏழெட்டு நிமிடம்தான். எந்த இடத்தில் பீஸ் தேங்குகிறது, யாரை எங்கே உட்காரவைத்தால் லைன் ஓடும் என்று பார்ப்பதற்கே ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) என்று ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு இன்ஜினியரிங் படித்தவர்களை எடுக்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியவில்லை.

தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு, பேக் பண்ணிய பிறகு பையரின் ஆள் வந்து பார்ப்பார். பத்தாயிரத்தையும் பிரித்துப் பார்க்கமாட்டார். வழக்கமான கணக்குப்படி 200 பீஸ் எடுப்பார். பெரிய குறை பத்து வரை இருந்தால் பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். அந்தப் பதினோராவது பீஸில் இருக்கிற ஒரு எண்ணெய்க் கறைக்காக ராத்திரி முழுக்க மொத்த லாட்டையும் பிரித்து மறுபடி செக் பண்ணிய கம்பெனிகள் இந்த ஊரில் எத்தனையோ. தேறாதது திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போகும். பையரின் லேபிளை வெட்டிவிட்டு, கிலோ கணக்கிலும் பீஸ் கணக்கிலும் விற்பார்கள். ஃபேஷன் தொழிலின் சில்லறை விற்பனையைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்குப் பெரிய மால்களைக் காட்டுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையையும் காட்டுங்கள். எந்த பிராண்டு எந்தத் துணியில் எங்கே சறுக்கியது என்பதெல்லாம் அங்கே குவியலாகக் கிடக்கும்.

கடைக்காரர் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் காலண்டரை எழுதுவது அவர்கள்தான். இங்கே கார்த்திகை மழை கொட்டும்போது நாங்கள் ஐரோப்பாவின் கோடைக்கு டி-ஷர்ட் தைத்துக்கொண்டிருப்போம். அந்தக் கோடையின் நிறங்கள் அதற்கும் ஓராண்டுக்கு மேல் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். நிறம் கணிப்பவர், துணிக் கண்காட்சி, டிசைனர், பையர், பிறகு நாங்கள் என்று வரிசை. இந்த நீண்ட வரிசையை உடைத்ததால்தான் ஜாரா ஜெயித்தது. 1975இல் ஸ்பெயினின் ஆ கொருன்யாவில் முதல் கடை திறந்த நிறுவனம், எல்லாவற்றையும் ஆசியாவில் தைக்காமல், அவசர ஸ்டைல்களை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ என்று பக்கத்திலேயே தைத்துச் சில வாரங்களில் கடைக்குக் கொண்டுவந்தது. டிசைனில் வென்றதைவிட நேரத்தில் வென்றது அதிகம். மற்றக் கடைகளும் அதையே கேட்க ஆரம்பித்ததும், எங்களுக்குக் கொடுக்கிற நாள்கள் குறைந்தன, விலை மட்டும் ஏறவில்லை. கப்பலில் போக வேண்டியது பிந்திப்போய் விமானத்தில் போனால் அந்தச் செலவு பெரும்பாலும் எங்கள் தலையில். ஒரு ஏர் ஷிப்மென்ட், அந்த ஆர்டரின் லாபம் மொத்தத்தையும் தின்றுவிடும்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கட்டடத்தில் இருந்த வங்கிக்காரர்கள் வெளியேறினார்கள், தையல்காரர்களை மட்டும் மறுநாள் முதலாளிகள் உள்ளே வரச் சொன்னார்கள். அவசரமும் மலிவு விலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடம் காட்டியது. அதற்குப் பிறகுதான் படிக்கட்டு அகலம், தீயணைப்பு, சம்பளப் பதிவேடு என்று பையர்கள் கேட்கும் தணிக்கைகள் இறுகின. இதைச் சமூகப் பொறுப்பு என்ற கடைசி யூனிட்டில் தள்ளிவிடாதீர்கள். இது உற்பத்தியின் உள்ளேயே இருக்கிற விஷயம்.

அரசாங்கம் உங்கள் பாடப்புத்தகப் படத்தில் எங்குமே இல்லை. 1974 முதல் 2004 கடைசி வரை பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆடை வாங்கலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1 அன்று அது முடிந்தது. வங்கதேசத்து டி-ஷர்ட் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகிறது, நம்முடையதற்கு வரி என்ற நிலையில்தான் நாங்கள் பல வருடம் விலை பேசியிருக்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீதான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது, தைத்து முடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்குக்கே பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஒரு டி-ஷர்ட்டின் விதியை அதன் கழுத்து வடிவம் நிர்ணயிப்பதைவிட சுங்கவரி அட்டவணை நிர்ணயிக்கிற காலங்கள் உண்டு. இது தெரியாமல் ஒருவர் இந்தத் தொழிலுக்குள் வருவது எப்படி?

பத்திரிகையும் விளம்பரமும் வெறும் அலங்காரம் என்று நான் நினைப்பதாகவும் எண்ணவேண்டாம். அதற்கும் நம் ஊர்ச் சரக்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிப்போனார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் அலச வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆடையாக விற்ற துணி, மிஷினில் போட்டதும் சாயம் ஓடிக் கட்டமெல்லாம் கலந்துபோனது. புகார் மேல் புகார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாயம் ஓடுவதே இந்தத் துணியின் சிறப்பு, ஒவ்வொரு துவைப்புக்கும் புது நிறம் என்று பத்திரிகையிலும் விளம்பரத்திலும் எழுதி, அதையே அமெரிக்க இளைஞர்கள் கேட்டு வாங்கும் சரக்காக்கிவிட்டார்கள். எங்கள் லேபில் ஃபெயில் ஆகியிருக்க வேண்டிய துணி அது. நான் முழு மனசோடு பொறாமைப்படுகிற மார்க்கெட்டிங் வேலை.

இவ்வளவும் ஒரு பருவத்தில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். ஆழமாக முடியாது. ஆனால் முதல் பருவத்திலேயே வரிசை புரிந்துவிட்டால், அடுத்தடுத்த தாள்கள் எங்கே பொருந்துகின்றன என்று மாணவர்களுக்குத் தெரியும். தனக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று தேடவும் முடியும். சினிமாவில் காஸ்ட்யூம் டிசைனர் ஆவாள் என்று நினைத்துத்தான் பல பெற்றோர் சேர்க்கிறார்கள். சில பேர் ஆகலாம். மற்றவர்களுக்குப் பேட்டர்ன் மேக்கர், துணி வாங்குபவர், தர மேற்பார்வையாளர், மெர்ச்சண்டைசர், ஐஇ, தணிக்கையாளர், கடையில் ஜன்னல் அலங்காரம் செய்பவர் என்று பத்துப் பதினைந்து வழி இருக்கிறது. அவை தோற்றவர்கள் போகிற இடங்கள் இல்லை. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் ஒரு பையரின் ஸ்கெட்சைப் பார்த்து, "இந்தக் கை இப்படி ஏறாது, அக்குள்ல இழுக்கும்" என்று சொல்லி, பேப்பரில் அரை இன்ச் மாற்றி வெட்டித் தருவார். பள்ளிக்கூடமே சரியாகப் போகாத மனிதர். அவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாததைக் கற்றுக்கொள்ளலாம்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் கேட்க வேண்டியது இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை ஜெராக்ஸ் எடுக்கவும் சாம்பிள் பார்சலுக்கு டேக் கட்டவும் வைத்துவிட்டு, ரெண்டு மாதம் முடிந்ததும் சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்புகிற இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு மறுபடி மாணவர்களை அனுப்பாதீர்கள். பயிற்சி முடிந்து வருகிறவர்களிடம், ஒரு ஆர்டரின் அடக்கவிலைத் தாளைக் கண்ணால் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கம்பெனியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத் தாளை ஓர் ஆடையின் பயணமாக மாற்றுங்கள். அதற்கு நடுவில் பாரிஸ், மிலான், நியூயார்க் எல்லாம் வரட்டும். தேர்வில் ஒரு உண்மையான டெக் பேக்கை, அதாவது ஓர் ஆடையின் அளவு, துணி, தையல் விவரமெல்லாம் இருக்கும் தாளைக் கொடுத்து, துணிக்கணக்கு போடச் சொல்லுங்கள். ஒரு நூல் மில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் நிலையம், ஒரு தையல் லைன், மூன்றையும் முதல் வருடத்திலேயே காட்டுங்கள், கடைசி வருட டூராக இல்லாமல். கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது: பாடம் நடத்துகிற ஆசிரியர்களும் விடுமுறையில் ஒரு பத்து நாள் வந்து ஏதாவது ஒரு ஃப்ளோரில் நில்லுங்கள். படித்து முடித்து நேராக ஆசிரியரானவர்கள் பலர் இருக்கிறார்கள், அது அவர்கள் குற்றமில்லை. வந்தால் எங்களுக்கும் நல்லது. துணியின் அறிவியலை எங்களைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள், எங்கள் ஆட்கள் பழக்கத்தில் செய்வதற்குக் காரணம் சொல்ல உங்களால் முடியும்.

எங்கள் சாம்பிள் ரூமில் இதற்கு இடம் கேட்டு முதலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவரும் சரி என்றிருக்கிறார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மற்ற மெர்ச்சண்டைசர்களிடமும் பேசிப் பார்க்கிறேன். வருவதென்றால் மே மாதம் வாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் வேண்டாம், கோடை ஷிப்மென்ட் நெருக்கடியில் நானே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்